காகிதத்தை வெட்ட ஏன் கை நடுங்குகிறது?

இந்த முறை அரசியலும் இல்லை, சினிமாவும் இல்லை. காகிதம், கத்தரிக்கோல், கோந்து. அவ்வளவுதான். ‘இதில் எழுத என்ன இருக்கிறது?’ என்று நினைப்பவர்கள் இரண்டு பத்தி மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அலமாரியில் ஒரு பை இரண்டு வருடமாகப் பிரிக்கப்படாமல் கிடந்தது. உள்ளே குவில்லிங் காகிதப் பட்டைகள் ஒரு பாக்கெட், நெளிநெளியாக வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று, கெட்டியான கறுப்பு அட்டை பத்து, பாண்டிச்சேரி போனபோது வாங்கிய கையால் செய்த காகிதம் ஆறு தாள். அங்கே ஆசிரமத்தின் காகிதக் கூடம் 1959-ல் தொடங்கியது. பருத்தித் துணிக் கழிவை அரைத்து, ஒவ்வொரு தாளாகச் செய்கிறார்கள். தொட்டால் துணி மாதிரி இருக்கும், ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். அவ்வளவு அழகான தாளில் கத்தரி வைக்க யாருக்கு மனசு வரும்?

வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஆயாவுக்கு ஒரு ஆல்பம் செய்து தர வேண்டும் என்று ஆசை. பழைய கல்யாணப் போட்டோ, தாத்தா சைக்கிளோடு நிற்கும் போட்டோ, அம்மா ரெட்டை ஜடையில் நிற்கும் போட்டோ எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுருண்டு கிடந்தன. ஸ்கிராப் புக் மாதிரி ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு போட்டோ, பக்கத்தில் காகிதப் பூ, கீழே இரண்டு வரிக் கதை என்று செய்யலாம் என்று திட்டம். ‘முதலில் குவில்லிங் நன்றாகக் கற்றுக்கொண்டு ஆரம்பிக்கலாம்’ என்று தள்ளிப் போட்டேன். ‘செமஸ்டர் முடியட்டும்’ என்றேன். ‘நல்ல கட்டர் வாங்கிவிட்டு’ என்றேன். பை அப்படியே இருந்தது. ஆயாவின் கண் அப்படியே இருக்கவில்லை. சர்க்கரையால் பார்வை மங்கத் தொடங்கியது. ஒரு நாள் அந்தத் திட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னபோது ஆயா சொன்னார்: “போன வருஷமே குடுத்திருந்தா நல்லா பாத்திருப்பேனே பாப்பா.”

குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். புதிதாக ஒரு கைவேலையை முயன்று பார்க்க நாம் ஏன் இவ்வளவு தயங்குகிறோம்? ‘எனக்கு அந்தத் திறமை இல்லை’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அது உண்மையான காரணம் இல்லை என்பது என் கருத்து. முதல் தாளிலேயே சரியாக வந்துவிட வேண்டும் என்று நாமே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். நடுக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

இந்தச் சட்டத்தை நாம் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டோம். ஞாபகம் இருக்கிறதா? கணக்குக்கு ரஃப் நோட்டு உண்டு. ஆனால் கைவேலைக்கு ரஃப் நோட்டு கிடையாது. ‘நாளைக்கு சார்ட் கொண்டு வா’ என்பார்கள். கடையில் தலைவர்கள் படம், பறவைகள் படம் என்று அச்சடித்த தாள் வாங்கி, கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டுவோம். ஒரே சார்ட், ஒரே வாய்ப்பு. கொஞ்சம் கோணலாக ஒட்டினால் அப்பாவிடம் இன்னொரு சார்ட் கேட்க வேண்டும். கடைசியில் அம்மாவே செய்து கொடுத்துவிடுவார். அது ‘நீட்டாக’ இருக்கிறது என்று மார்க்கும் விழும். தப்பாகச் செய்து பார்க்க இடமே தராத பாடம் அது. அதை முடித்து வந்த கை நடுங்காமல் என்ன செய்யும்?

இன்னொரு காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். சரஸ்வதி. கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தூக்கிப் போட மாட்டோம், பிள்ளையார் படம் இருக்கிறதே. இந்த மரியாதையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மஞ்சள் தடவிய மூலையோடு பீரோவில் நூறு பத்திரிகை தூங்குவதைவிட, சாமி படத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, மீதி அட்டையை ஒரு ஆல்பத்தின் பக்கமாக ஆக்குவதும் மரியாதைதான் என்று நினைக்கிறேன். அந்த அட்டை கெட்டியானது, பளபளப்பானது, செலவும் இல்லை. கெட்டுப்போனாலும் நெஞ்சு வலிக்காது. பழகுவதற்கு அதைவிட நல்ல பொருள் எது?

தயங்காமல் கற்றுக்கொள்ளும் வழி நமக்குத் தெரியாததும் இல்லை. எங்கள் அடி அண்ணாமலையில் மார்கழி மாதம் விடியற்காலையில் வந்து பாருங்கள். பதினைந்து புள்ளி, எட்டு வரை என்று பெரிய கோலத்தைப் பத்து வயதுப் பெண் போட்டுக்கொண்டிருப்பாள். சிக்குக் கோலத்தில் ஒரு இழை தப்பினால் காலால் அழித்துவிட்டு மறுபடி இழுப்பாள். யாரும் அவளிடம் ‘உனக்குத் திறமை இருக்கிறதா?’ என்று கேட்பதில்லை. நாளைக் காலையில் தண்ணீர் தெளித்தால் போய்விடப் போகிறது, அதனால் பயம் இல்லை. பயம் இல்லாததால் தினமும் போடுகிறாள், தினமும் போடுவதால் கை பழகுகிறது. அதே பெண்ணிடம் ஒரு விலை உயர்ந்த தாளைக் கொடுத்து ‘இதில் ஏதாவது செய்’ என்றால் விழிப்பாள். வாசலில் வராத நடுக்கம் தாளில் வருகிறது. விரல் ஒன்றேதான், மாறியது சட்டம்.

கைவேலை சிறு வயதிலேயே வந்தால்தான் உண்டு என்பவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் இங்கிலாந்தின் மேரி டெலனி. 1700-ல் பிறந்தவர். எழுபத்திரண்டு வயதுக்குப் பக்கத்தில்தான் வண்ணக் காகிதத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, கறுப்புப் பின்னணியில் ஒட்டிப் பூக்களை உருவாக்க ஆரம்பித்தார். பத்து வருடத்தில், கண் பார்வை கைவிடும் வரை, ஏறத்தாழ ஆயிரம் பூக்கள்! அவை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

இரண்டாமவர் நம் நாட்டு ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி. 1904-ல் பிறந்தவர், சாந்திநிகேதனில் பாடம் நடத்தியவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதில் மிகக் குறைவு. 1950-களின் பிற்பாதியில் ஒரு கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதுவும் போய்விட்டது. பெரிய பெரிய சுவர் ஓவியங்கள் தீட்டியவர், அதற்குப் பிறகு என்ன செய்தார் தெரியுமா? வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து உருவம் அமைத்தார். ஐம்பது வயதுக்கு மேல், முற்றிலும் புதிய முறை, அதுவும் கண் தெரியாமல். அவருடைய மாணவரான சத்யஜித் ரே அவரைப் பற்றி 1972-ல் ‘தி இன்னர் ஐ’ என்று ஒரு ஆவணப்படம் எடுத்தார். கிடைத்தால் பாருங்கள். இருபது நிமிடம்தான். நான் பார்த்துவிட்டு, பிரிக்காத என் பையை வெட்கத்தோடு பார்த்தேன்.

பையை எப்போது பிரித்தேன் என்றால், ஒரு பௌர்ணமி அன்று. கிரிவலப் பாதை ஓரத்து ஊர் எங்களுடையது. பௌர்ணமி என்றால் பதினாலு கிலோமீட்டர் பாதை முழுக்க ஜனம், வண்டி எதுவும் ஓடாது, எங்கும் போக முடியாது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். பாண்டிச்சேரித் தாளைத் தொடவில்லை. பழைய நோட்டு ஒன்றை எடுத்து அட்டையில் பெரிதாக ‘ரஃப்’ என்று எழுதினேன். இந்த நோட்டில் எது செய்தாலும் யாருக்கும் காட்ட மாட்டேன், எது கெட்டாலும் கவலை இல்லை என்று முடிவு செய்தேன். அந்த ஒரு நோட்டில் கற்றது இது:

குவில்லிங்குக்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். விளக்குமாற்று ஈர்க்குச்சியின் நுனியைப் பிளந்து, பட்டையின் முனையை அதில் செருகிச் சுற்றினால் போதும். சுற்றியதைக் கொஞ்சம் தளரவிட்டு ஒரு பக்கம் கிள்ளினால் இதழ், இரண்டு பக்கமும் கிள்ளினால் இலை. பாதிப் பூக்கள் இந்த இரண்டிலேயே வந்துவிடும்.

கெட்டி அட்டையை மடித்தால் மடிப்பில் வெடித்தது. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. காகிதத்தின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும், மரத்துக்கு ரேகை மாதிரி. அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அதுதான் திசை. மடிப்பதற்கு முன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டால் இன்னும் நல்லது.

ஒட்டிய தாள் சுருங்கிப் போனது. கோந்தில் இருக்கும் தண்ணீரைத் தாள் குடித்து உப்புகிறது. கொஞ்சமாகத் தடவி, மேலே கனமான புத்தகம் வைத்துவிட்டால் சரியாகிறது. (நம் இன்ஜினியரிங் மேத்ஸ் புத்தகம் முதன்முதலாக எனக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான். :-) )

திறந்தால் எழுந்து நிற்கும் பாப்-அப் பக்கம் மந்திரம் இல்லை. மடித்த அட்டையின் மடிப்பு ஓரத்தில் ஒரே நீளத்துக்கு இரண்டு கோடு வெட்டி, நடுவில் உள்ள பட்டையை உள்பக்கமாகத் தள்ளினால் ஒரு பெட்டி நிற்கும். அதன் மேல் வீட்டையோ கோபுரத்தையோ ஒட்டிக்கொள்ளலாம்.

எல்லாமே முதல் தடவை கெட்டன. ஒவ்வொன்றும் கெட்டதால்தான் ஏன் என்று கேட்டேன்.

ஒரு இடத்தில் மட்டும் தயக்கம் நல்லது. பழைய போட்டோக்களில் சோதனை வேண்டாம். ஆர்வக் கோளாறில், பசை ஆல்பத்தில் ஒட்டிப்போயிருந்த தாத்தா போட்டோவைப் பிய்க்கப் போய் மூலை கிழிந்துவிட்டது. காகிதம் இன்னொன்று வாங்கலாம். தாத்தா சைக்கிளோடு இன்னொரு முறை வந்து நிற்க மாட்டார். அதனால் அசலை உறையில் போட்டு வைத்துவிட்டு, ஸ்கேன் எடுத்து பிரிண்ட் போட்டு, பிரிண்டை வெட்டுங்கள். நியூஸ் பேப்பர் துண்டை அசல் போட்டோவோடு சேர்த்து ஒட்டாதீர்கள். அது சீக்கிரம் பழுப்பாகும், பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குக் கூடாது என்று பிரித்துக்கொண்டாலே பாதி நடுக்கம் போய்விடுகிறது.

‘காகிதம் வீணாகிறதே, மரம் என்ன ஆவது?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பக்கம் அச்சான நோட்டீஸ், காலண்டர் தாள், பத்திரிகை அட்டை எல்லாம் ஏற்கெனவே வெட்டிய மரம்தானே? அவற்றில் பழகலாம். நான் வாங்கி, பிரிக்காமல் இரண்டு வருடம் வைத்திருந்தேனே, அதுதான் சுத்தமான வீண். அதோடு வீணானது காகிதம் மட்டும் இல்லை.

ஆல்பம் முடிந்துவிட்டது. இருபத்திரண்டு பக்கம். முதல் நாலு பக்கம் பார்க்கச் சகிக்காது, ஆனாலும் கிழிக்கவில்லை. ஆயாவுக்குப் போட்டோக்கள் நிழல் மாதிரிதான் தெரிகின்றன, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. குவில்லிங் பூக்களை மட்டும் விரலால் தடவி ‘இது சாமந்தியா?’ என்கிறார். ரோஜா என்று நினைத்துத்தான் செய்தேன். ஆமாம் ஆயா என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ரொம்பப் பிடித்தது பாப்-அப் பக்கத்தில் நிற்கும் எங்கள் பழைய வீடு. கோணலாக நிற்கிறது. பழைய வீடும் அப்படித்தான் இருந்ததாம்.

உங்கள் அலமாரியிலும் ஒரு பை இருக்கும். காகிதமாக இல்லாவிட்டால் கிதாராக இருக்கும், தையல் ஊசியாக இருக்கும், எழுதாத டைரியாக இருக்கும். நன்றாக வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், ஆரம்பிக்காமல் அது வரப்போவதில்லை. ஒரு பழைய நோட்டை எடுத்து ‘ரஃப்’ என்று எழுதுங்கள். யாருக்காகச் செய்ய நினைத்தீர்களோ, அவர் பார்க்கும்போதே கொடுத்துவிடுங்கள்.