சீட்டில் ஒரு துளை

சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலைக்கோ புளியங்குடிக்கோ திருநெல்வேலிக்கோ பேருந்தில் சென்றுவரும் நம் குடும்பங்களில் பயணச்சீட்டை எவரும் ஊன்றிப் படிப்பதில்லை. தந்தை சட்டைப்பையில் செருகுகின்றார். தாய் சேலைத் தலைப்பில் முடிகின்றார். பிள்ளை அதைச் சுருட்டிக் காது குடைகின்றது. இறங்கியதும் அத்தாள் பேருந்து நிலையத்துத் தரையில் கிடக்கின்றது. அத்துண்டுத் தாளுக்குப் பின்னால் ஏறக்குறைய 150 ஆண்டுகளின் ஐயமும் வழக்கும் கூலிச் சண்டையும் அடங்கியுள்ளன என்றால் வாசகர்கள் வியப்படையக் கூடும்.

கைக்கருவிகள் வருவதற்கு முன் நம் பகுதியில் ஓடிய பேருந்தை நினைவுகூர்வோம். 1974-இல் தோன்றிய கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் தாங்கிய வண்டிகள் அவை. (1997-இல் கழகங்களுக்கு இடப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டன, அந்தக் கசப்பான கதை இங்கு வேண்டா.) நடத்துநரின் தோளில் தோல் பை, வாயில் விசில், கையில் பல விலைகளில் அச்சிட்ட சீட்டுக் கட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் வரிசை எண் உண்டு. பாதை 'ஸ்டேஜ்' எனப்படும் நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பயணி ஏறிய நிலையைச் சீட்டில் துளையிட்டோ ஓரத்தைக் கிழித்தோ குறிப்பது வழக்கம். நிலை தாண்டும்போதெல்லாம் கட்டின் மேற்சீட்டு எண்ணைக் கணக்குத் தாளில் எழுதியாக வேண்டும். பரிசோதகர் ஏறினால் முதலில் பார்ப்பது பயணியை அன்று, அந்த எண்ணைத்தான்.

ஆடித் தபசு நாளில் சங்கரன்கோவிலுக்கு வரும் பேருந்தில் இவ்வளவையும் ஒரு மனிதர் செய்ய வேண்டும் என்றால் எண்ணிப் பாருங்கள்! படியில் தொங்குவோரை உள்ளே அழைக்க வேண்டும். சில்லறை கொடுக்க வேண்டும். அடுத்த நிலை வருவதற்குள் அனைவருக்கும் சீட்டுத் தர வேண்டும். கட்டணம் உயர்ந்துவிட்டாலோ, அச்சிட்ட விலை பொருந்தாது. இரண்டு மூன்று சீட்டுகளைச் சேர்த்துக் கிழிக்க நேரும். 2018 ஜனவரியில் புறநகர்ச் சாதாரணப் பேருந்துக் கட்டணம் கிலோமீட்டருக்கு 42 காசிலிருந்து 60 காசாகி, சில நாட்களில் 58 காசாகக் குறைக்கப்பட்டது. இத்தகைய மாற்றங்களின் சுமை முதலில் இறங்குவது நடத்துநரின் விரல்களின் மேல்தான்.

சீட்டில் துளையிடும் கருவி பயணியின் வசதிக்காகப் பிறந்ததன்று. நடத்துநர் மீது முதலாளி கொண்ட ஐயத்தினால் பிறந்தது. அமெரிக்க நகரங்களின் குதிரை இழுக்கும் டிராம் வண்டிகளில் அது முதலில் புழங்கியது. 1878-இல் இலண்டனில் 'பெல் பஞ்ச்' என்னும் கம்பெனி அக்கருவிக்காகவே தொடங்கப்பட்டது. கையடக்கமான உலோகக் கருவி. அதன் வாயில் சீட்டைச் செருகி நெம்புகோலை அழுத்தினால் துளை விழும். உடனே உள்ளிருக்கும் மணி 'கிணிங்' என்று ஒலிக்கும். எண்காட்டியில் ஓர் எண் கூடும். மணியொலி யாருக்காக? வண்டியிலுள்ள அனைவருக்கும். காசு வாங்கிய நடத்துநர் மணியடிக்கவில்லையானால் பயணிகளே சாட்சிகளாவர். இத்துடன் முடியவில்லை. துளையிலிருந்து விழும் பொட்டுப்போன்ற தாள்துணுக்கு கருவிக்குள்ளேயே பூட்டிய சிற்றறையில் தங்கிவிடும். ஒவ்வொரு கட்டணத்திற்கும் சீட்டு ஒவ்வொரு நிறம். ஆகவே கணக்கில் ஐயம் எழுந்தால், அலுவலகத்தில் சிற்றறையைத் திறந்து, துணுக்குகளை நிறவாரியாகப் பிரித்து எண்ணிவிடலாம். எத்தனை மெனக்கெடல்! ஒரு மனிதனை நம்புவதைவிட ஆயிரம் தாள்பொட்டுகளை எண்ணுவது எளிது என்று அக்காலத்து நிர்வாகிகள் கருதினர் போலும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இலண்டனின் மிகப்பெரிய குதிரைப் பேருந்து நிறுவனமாகிய ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனியில் 1891 வரை சீட்டே கிடையாது. நடத்துநர் வசூலித்ததில் ஒரு பகுதியைத் தம்மிடம் வைத்துக்கொள்வது ஊரறிந்த செய்தி. கம்பெனியும் அதை அறிந்தே கூலியைக் குறைவாக வைத்திருந்தது. அவ்வாண்டு கம்பெனி சீட்டு முறையைக் கொண்டுவந்ததும் அந்த மறைமுக வருமானம் நின்றது. ஜூன் மாதத்தில் வேலை நிறுத்தம் வெடித்தது. நாளொன்றுக்குப் பதினான்கு, பதினைந்து மணி நேரம்கூட உழைத்த அத்தொழிலாளர் ஏறத்தாழ ஒரு வாரப் போராட்டத்தின் பின் பன்னிரண்டு மணி நேர வேலை நாளைப் பெற்றனர். திருட்டை நிறுத்திய சீட்டு, அத்திருட்டைக் காட்டிக் குறைத்து வைத்திருந்த கூலியையும் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. கை நீட்டியது குற்றமே. ஆனால், 'எப்படியும் எடுத்துக்கொள்வான்' என்று கணக்கிட்டுக் கூலி கொடுத்தவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பின்னர் துளைக்கருவிக்குப் பதிலாக அச்சிடும் கருவிகள் வந்தன. இலண்டன் பேருந்துகளில் 1953 முதல் 1993 வரை புழங்கிய 'கிப்சன்' கருவியில் கட்டணத்தையும் நிலையையும் திருகி அமைத்துக் கைப்பிடியைச் சுழற்றினால் வெற்றுத்தாள் சுருளில் சீட்டு அச்சாகி வரும். இடையில் ஒரு வேடிக்கை: தாள்பொட்டுகளை எண்ணவைத்த அதே பெல் பஞ்ச் கம்பெனிதான் 1961-இல் 'அனிதா' என்னும் பெயரில் உலகின் முதல் மின்னணு மேசைக் கணக்குக் கருவியை வெளியிட்டது. நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் பெயராயிற்றே என்று மகிழ வேண்டா. ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றின் முதலெழுத்துகளே அவை.

நம் நாட்டில் பம்பாயின் 'பெஸ்ட்' பேருந்துகளில் தகரப் பெட்டியில் அடுக்கிய சீட்டுகளும் துளைக்கருவியும் நெடுங்காலம் நிலைத்தன. கூட்டத்தினூடே நடத்துநர் அக்கருவியை 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டே வருவார்; 'சீட்டு, சீட்டு' என்று கத்தும் வேலை அவருக்கு மிச்சம்.

ஆனால் மணியும் துணுக்கும் இல்லாத கையடக்கக் கட்டு முறையில் சாட்சி யார்? அரியானா மாநில நடத்துநர் ஒருவரின் வழக்கு 1977-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பயணிகள் காசு கொடுத்தும் சீட்டுப் பெறவில்லை என்பது பறக்கும் படையின் குற்றச்சாட்டு. 'அப்பயணிகளுள் ஒருவரையும் விசாரணைக்கு அழைக்கவில்லையே' என்பது நடத்துநர் தரப்பு வாதம். நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு, துறை விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கடுமையான விதிகள் பொருந்தா என்றும், பயணிகளை விசாரிக்காததால் மட்டும் முடிவு செல்லாததாகிவிடாது என்றும் கூறி, பணிநீக்கத்தை உறுதிசெய்தது. உழைப்பாளர் பால் இரக்கம் மிகுந்தவர் என்று பெயர்பெற்ற நீதிபதியே இவ்வாறு தீர்த்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஓடும் பேருந்திலிருந்து இறங்கிப்போன பயணியை எங்கே தேடுவது என்னும் நடைமுறை நியாயம் அதில் உண்டு. எனினும் 'பாதிக் காசு வாங்கிக்கொள்ளும், சீட்டு வேண்டா' என்று தாமே பேரம் பேசும் பயணிகளை நாம் கண்டதில்லையா? பிடிபட்டால் அவர்கள் அபராதம் கட்டிவிட்டு வீடு திரும்புகின்றனர். நடத்துநரின் வீட்டில் அடுப்பு அணைகின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-ஆம் பிரிவு, சீட்டின்றிச் செல்பவருக்கும், காசு வாங்கிச் சீட்டுத் தராத நடத்துநருக்கும் 500 ரூபாய் வரை ஒரே அளவான அபராதத்தையே விதிக்கின்றது. சட்டத்தின் தராசு சமமாய் இருக்கின்றது. வாழ்க்கையின் தராசு அவ்வாறில்லை.

கிழக்கு ஐரோப்பிய நகரங்களில் வேறொரு வழி கண்டனர். அங்கே பல டிராம்களில் நடத்துநரே இல்லை. வண்டியின் கம்பத்தில் துளைக்கருவி பொருத்தப்பட்டிருக்கும். முன்கூட்டியே வாங்கிய சீட்டைப் பயணி தாமே அதில் செருகித் துளையிட்டுக்கொள்வார். ஒவ்வொரு வண்டியின் துளை அமைப்பும் வேறு. ஆதலால் நேற்றைய சீட்டை இன்று காட்டினால் பரிசோதகர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார். மணியடித்துக் காவல் காப்பதற்கு ஆளில்லாத அவ்வண்டியில் ஐயத்திற்குரியவர் நடத்துநர் அல்லர், நாமே.

தமிழகப் பேருந்துகளில் இந்நூற்றாண்டில் மின்னணுக் கைக்கருவி வந்தது. நிலையும் கட்டணமும் நேரமும் தானே அச்சாகின்றன. விலை மாறினால் கட்டை மாற்ற வேண்டியதில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். காசு இல்லாவிடினும் அவர்களுக்குச் சீட்டு உண்டு. 'காசே இல்லாத சீட்டு எதற்கு?' என்று வினவும் தாய்மார்கள் உளர். கட்டண இழப்பை அரசு கழகத்திற்கு ஈடுசெய்ய வேண்டுமானால் எத்தனை பேர் ஏறினர் என்னும் எண்ணிக்கை வேண்டும். பரிசோதகர் ஏறினால் சீட்டில்லாத பயணி நடத்துநரின் கணக்கில் குறையாகவே தெரிவார். ஆகையால்தான் அவர் இருக்கை இருக்கையாய் வந்து, பூக்கூடையுடன் அமர்ந்திருக்கும் அம்மையாரிடமும், 'வாங்கிக்கோங்கம்மா' என்று அந்தத் தாளை நீட்டுகின்றார்.