பெயர்ப்பலகையும் இருப்புப்பாதையும்



சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து, நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், நம் உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, நான்காக மடித்த தாள் ஒன்றை நீட்டினார். அவர் தந்தையார் விருதுநகரிலிருந்து வந்து செகந்தராபாத்தில் குடியேறியவர். குண்டூர்ச் சந்தையில் மிளகாய் வற்றல் வாங்கி, காம்பு நீக்கித் தரம் பிரித்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு வணிகம் அவருடையது. காரம் மிகுந்த தேஜா மிளகாயைச் சீன நாட்டார் விரும்பி வாங்குவதால், அவருடைய சரக்கில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. ஆனால் எல்லாம் தரகர் வழியாகவே. தாமே நேரில் வாங்குவோரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆவல்.

"தம்பி, இதைப் படித்துப் பாருங்கள். நாளை மறுநாள் கெடு முடிகிறது" என்றார்.

அது மின்னஞ்சலில் வந்த கடிதம். சீனாவில் இணையப் பெயர்களைப் பதிவு செய்யும் நிறுவனம் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் எழுதியிருந்தார். "உங்கள் வணிகப் பெயரை வேறொரு நிறுவனம் '.சிஎன்', '.காம்.சிஎன்', '.ஹெச்கே', '.ஏசியா' ஆகிய பின்னொட்டுகளுடன் பதிவு செய்ய விண்ணப்பித்துள்ளது. உங்களுக்கு முன்னுரிமை உண்டு. 7 நாளில் பதில் எழுதாவிடில் அவர்களுக்கே கொடுத்துவிடுவோம்" என்பது அதன் சாரம். எல்லாப் பின்னொட்டுகளையும் சேர்த்துப் பத்தாண்டுகளுக்கு அவர்கள் கேட்ட தொகை, அண்ணன் தம் மகளின் கல்லூரி விடுதிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் முக்கால் பங்கு.

"போனால் போகட்டும், கட்டிவிடலாம் என்கிறான் என் மகன். '.சிஎன்' என்று பெயர் முடிந்தால்தான் சீனத் தேடுபொறியில் நம் பக்கம் முதலில் வருமாம். மெய்தானா?" என்று கேட்டார்.

நான் இரயில்வேயில் பார்சல் பகுதியில் குமாஸ்தா. பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவனல்லன். சங்கத்தின் இணையப்பக்கத்தைக் கவனித்து வருவதனால் இவ்விஷயங்களில் சிறிது பழக்கம் உண்டு. "அண்ணா, இரண்டு நாள் பொறுங்கள்" என்று கூறி, இரவு நேரங்களில் படித்தும், அறிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அயல்நாட்டு வாணிபத்தில் ஈடுபட்டுள்ள நம் குடும்பங்கள் வேறு பலவற்றுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். இது உலகெங்கும் பல்லாண்டுகளாகச் சுற்றி வரும் ஏமாற்று வித்தை. இணையப் பெயர்கள் முந்தியவர்க்கே உரியவை. ஒருவர் ஒரு பெயரைக் கேட்டால், அது காலியாக இருந்தால், பதிவு முகவர் கொடுத்துவிட்டுப் போவார். அதே பெயரில் உலகில் வேறு யார் வணிகம் செய்கிறார் என்று தேடிப் பார்த்து, அவருக்குக் கடிதம் எழுதி, ஒரு வாரம் காத்திருக்கும் கடமை அவருக்கு இல்லை. சந்தையில் ஒருவர் கடை எடுக்க வரும்போது, அதே பெயருள்ள கடைக்காரர் காசியில் இருக்கிறாரா என்று யாரேனும் விசாரிப்பார்களா? பெயரைப் பறிக்க வந்ததாகச் சொல்லப்படும் நிறுவனம் கற்பனை. 7 நாள் கெடு, நம்மைச் சிந்திக்க விடாமல் செய்வதற்கு. இத்தகைய கடிதத்துக்கு மறுமொழி எழுதாதிருப்பதே தக்க மறுமொழி. அப்பெயர் நமக்கு வேண்டுமென்று தோன்றினால், அது காலியாக இருக்கிறதா என்று நாமே வேறொரு நம்பகமான முகவரிடம் பார்த்து, வழக்கமான ஆண்டுக் கட்டணத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

இனி, மகன் எழுப்பிய கேள்வி. அது நியாயமான கேள்வி. பின்னொட்டு பார்வையைக் கொண்டுவருமா?

எங்கள் பார்சல் பகுதியில் மூட்டைகளின் மேல் ஊர்க்குறியீடு எழுதுவோம். விஜயவாடாவுக்கு இன்றும் 'பி.இஸட்.ஏ.' என்றே எழுதுகிறோம். அது பெஜவாடா என்ற பழம்பெயரின் மிச்சம். சென்னை சென்ட்ரலுக்கு 'எம்.ஏ.எஸ்.', மதராஸ் என்ற பெயர் 1996இல் மாறிய பின்னும், நிலையத்தின் பெயரே 2019இல் மாறிய பின்னும், அக்குறியீடு மாறவில்லை. சரக்கு போய்ச் சேர்வதற்கு அது தடையாகவும் இல்லை. பாதை இருக்க வேண்டும், அனுமதி இருக்க வேண்டும், பெறுபவர் மூட்டையைப் பார்த்ததும் இது தமக்கு வேண்டிய சரக்கு என்று அறிய வேண்டும். இவை மூன்றும் இருந்தால் எக்குறியீடானாலும் சரக்கு சேரும்.

சீனத்தில் மிகுதியாகப் பயன்படும் தேடுபொறி பைடு. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பீஜிங்கில் தொடங்கப்பெற்றது. அது குடியிருக்கும் முகவரி எது? பைடு டாட் காம். டென்சென்டின் க்யூக்யூவும், அலிபாபாவின் தாவோபாவும் டாட் காம்தான். அந்நாட்டு இரயில் பயணச்சீட்டு விற்கும் தளமோ '12306.சிஎன்', இரயில்வேயின் விசாரணைத் தொலைபேசி எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள். மக்கள் நாளிதழ் '.காம்.சிஎன்' என முடிகிறது. நெட்ஈஸ் நிறுவனம் '163.காம்' என்று எண்ணாலேயே பெயர் பெற்றது. முற்காலத்தில் சீனத்தார் தொலைபேசி வழியே இணையத்தில் நுழைய 163 என்ற எண்ணைச் சுழற்ற வேண்டியிருந்ததே இதன் காரணம். இத்தனை பேரும் இத்தனை விதமான பின்னொட்டுகளை வைத்துக்கொண்டு முன்னணியில் நிற்கிறார்களென்றால், பின்னொட்டே பார்வையைத் தருகிறது என்பது எங்ஙனம் பொருந்தும்?

'.சிஎன்' என்னும் பின்னொட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1990இல் அது சீனத்தின் பெயரில் பதிவாயிற்று. ஆனால் அதை இயக்கிய கணினி 1994 வரை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தில் இருந்தது. நாட்டின் பெயர் ஓரிடம், இயந்திரம் வேறோரிடம்! 1997இல் சீன இணையத் தகவல் மையம் தோன்றி, பின்னர் அதன் நிர்வாகத்தை ஏற்றது. 2009 டிசம்பரில் தனிமனிதர்களுக்கு இப்பெயர் கொடுப்பதை நிறுத்தினார்கள். 2012இல் மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று அயல்நாட்டாரும் பெறலாம். ஆயினும் அடையாள ஆவணம் காட்டி உண்மைப் பெயரை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்காத பெயர் இயங்காமல் நின்றுவிடும். சீன எழுத்திலேயே 'சீனா' என முடியும் பின்னொட்டும் 2010 முதல் உண்டு. அதே ஆண்டில் நம் மொழியில் '.இலங்கை' என்பதும், 2011இல் '.இந்தியா', '.சிங்கப்பூர்' என்பனவும் வந்தன என்பதை நேயர்கள் அறிந்து மகிழ்வார்கள்.

ஆகவே பின்னொட்டு பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு இரண்டு இடங்களில் உண்மையான வேலை உண்டு.

ஒன்று, அனுமதி. சீன நிலப்பகுதியில் உள்ள கணினியில் தளத்தை வைக்க விரும்பினால், அரசிடம் பதிந்து 'ஐசிபி' எனப்படும் பதிவெண் பெற வேண்டும். 2000ஆம் ஆண்டில் வந்த விதி இது. அங்குள்ள தளங்களின் அடிப்பகுதியில் இந்த எண்ணை நீங்கள் காணலாம். இதனைப் பெறுவதற்குப் பொதுவாக அந்நாட்டில் பதிவான நிறுவனமோ, முறையான அடையாளமோ தேவை. குண்டூரில் கிடங்கும் செகந்தராபாத்தில் ஒரு மேசையும் வைத்திருப்பவருக்கு அது எளிதன்று. 2018 ஜனவரி 1 முதல் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: அரசின் அனுமதி பெற்ற பதிவகத்தின்கீழ் வராத பின்னொட்டுள்ள பெயருக்கு, அங்குள்ள நிறுவனங்கள் தளம் நடத்த இடம் தரலாகாது. '.காம்', '.சிஎன்' ஆகியவற்றுக்கு இதில் தடையில்லை. புதிது புதிதாக வந்துள்ள நூற்றுக்கணக்கான பின்னொட்டுகளில் எல்லாவற்றுக்கும் இந்த அனுமதி இல்லை. பெயரைப் பதிவு செய்யும் முகவரும் அங்கே அனுமதி பெற்றவராயிருத்தல் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று புதுமையான பின்னொட்டு ஒன்றை வாங்கிவிட்டு, பின்னொரு நாள் அங்கே கிளை திறக்கும்போது கதவு திறக்காமல் நிற்பவர்கள் இதனால்தான் நிற்கிறார்கள்.

இரண்டாவது, எந்தச் சீன மொழி மக்கள் என்பது. சீன மொழி படிப்போர் எல்லோரும் ஒரே சந்தையல்லர். நிலப்பகுதியிலும் சிங்கப்பூரிலும் சுருக்க எழுத்து. தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய முழு எழுத்து. நிலப்பகுதித் தேடலிலிருந்து கூகுள் 2010 மார்ச்சில் விலகியது. ஆனால் தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்றும் மக்கள் கூகுளில்தான் பெரும்பாலும் தேடுகிறார்கள். நாட்டின் பெயர் தாங்கிய பின்னொட்டை, இத்தளம் இந்நாட்டாருக்கு உரியது என்னும் குறிப்பாகக் கூகுள் எடுத்துக்கொள்கிறது. எனவே தைவானில் விற்பவர் '.டிடபிள்யூ' வைத்துக்கொள்வதில் பொருள் உண்டு. எல்லா இடத்துக்கும் விற்பவர், எந்நாட்டுக்கும் சொந்தமல்லாத '.காம்' வைத்துக்கொண்டு, உள்ளே மொழிக்கொரு பகுதி அமைப்பதே சிக்கனம்.

இனிப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீனாவிலிருந்து ஐரோப்பா நோக்கிச் செல்லும் சரக்கு வண்டி கசகஸ்தான் எல்லையில் நின்றுவிடும். சீனப் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர், அப்பாலுள்ளது 1,520. பெட்டிகளைப் பளுதூக்கியால் எடுத்து வேறு வண்டியில் வைத்த பின்னரே பயணம் தொடரும். மீட்டர்கேஜிலிருந்து பிராட்கேஜுக்கு மூட்டை மாற்றிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இணையத்திலும் சீன எல்லை அத்தகையதே. வெளியிலுள்ள தளம் அங்கே போய்ச் சேர்வதற்குள் சோதனையைக் கடந்து, தாமதப்பட்டே செல்லும். கூகுளின் வரைபடம், யூடியூபின் காணொளி ஆகியவற்றைப் பக்கத்தில் பதித்திருந்தால், அவை அங்கே தடுக்கப்பட்டிருப்பதால், பக்கம் திறக்கத் திணறும். நம்மூரில் பளிச்சென்று தெரியும் பக்கம் அங்கே வெள்ளைத் தாளாக நிற்கும். தேடுபொறியின் கண்ணுக்கும் அப்படித்தான். திறவாத கடையை யார் பட்டியலில் முதலில் எழுதுவார்?

அண்ணனுடைய பக்கத்தில் இதுவே நேர்ந்திருந்தது. அவருக்கு ஏற்கெனவே '.காம்' பெயர் ஒன்று உண்டு. முகப்பில் கிடங்கின் கூகுள் வரைபடம். அதன் கீழே சந்தைக் காட்சி யூடியூபில். எழுத்தோ முழுவதும் ஆங்கிலம். சிங்டாவ் நகரில் உள்ள வாடிக்கையாளர் ஒருவரிடம், பக்கத்தைத் தம் கைப்பேசியில் திறந்து படமெடுத்து அனுப்பும்படி கேட்டோம். வந்த படத்தில் மேலே ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருந்தது. "இரண்டு வருஷமாக இதையா அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்!" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு செய்தவை எளியவை. வரைபடமும் காணொளியும் நீங்கின. ஹாங்காங்கில் தளத்துக்கு இடம் வாங்கினார். அங்கே ஐசிபி எண் தேவையில்லை, சீனமும் அண்மையில் இருக்கிறது. நிலப்பகுதிக் கணினியின் வேகம் அதற்கு வராது; ஆயினும் அவர் தகுதிக்கு அது போதும். ஹைதராபாத்தில் சீன மொழி கற்பிக்கும் ஆசிரியை ஒருவரைக் கொண்டு மூன்று பக்கங்களைச் சுருக்க எழுத்தில் எழுதுவித்தார். வாங்குபவர் தம் மொழியில் 'லாஜியாவ்' என்று தேடுவாரேயன்றி, நாம் எழுதும் ஆங்கிலச் சொல்லைத் தேடமாட்டார். காரத்தின் அளவு, ஈரப்பதம், காம்புள்ளது, காம்பற்றது, மூட்டையின் எடை, எந்தத் துறைமுகம் என்று வணிகருக்கு வேண்டியவையெல்லாம் அதில் இருக்கின்றன. இயந்திர மொழிபெயர்ப்பைப் பார்த்த அவ்வாசிரியை சிரித்துவிட்டாராம்; 'காம்பு நீக்கியது' என்பது 'கால் வெட்டியது' என்று வந்திருந்ததாம். இவற்றோடு '.சிஎன்' பெயரையும் ஓராண்டுக்கு மட்டும், ஆவணங்கள் கொடுத்து, வழக்கமான விலைக்கு வாங்கி அதே பக்கத்துக்குத் திருப்பிவிட்டார். அப்பெயர் அதுவரை காலியாகவே இருந்தது. பறிக்க வந்தவர் எவரும் இல்லை! அதுவும் பார்வைக்காக அன்று. அங்குள்ளவர்க்குப் பழகிய முடிவு என்பதற்காகவும், பெயர் நம்மிடமே இருக்கட்டும் என்பதற்காகவும்.

ஆணைகள் குவிந்துவிட்டன என்று எழுதினால் அது பொய்யாகும். பைடுவில் இன்னும் பல பக்கங்கள் தள்ளித்தான் அவர் பெயர் வருகிறது. அங்கே வணிகர்கள் வீசாட்டிலேயே தேடுவதும் பேசுவதும் மிகுதி. ஆகையால் தேடுபொறி ஒன்றையே நம்பியிருக்கவும் கூடாது. ஆனால் சிங்டாவிலிருந்து இரண்டாம் முறை வந்த படத்தில் முழுப் பக்கமும் தெரிந்தது. அதன் கீழே, காம்பு நீக்கிய தேஜாவுக்கு டன் விலை என்ன என்று ஒரு வரி கேட்கப்பட்டிருந்தது. தரகர் இல்லாமல் அவரிடம் நேராக வந்த முதல் கேள்வி அது.

மகளின் விடுதிக் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டுவிட்டது என்பதையும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அயலூரில் பிழைக்க வந்த நமக்குப் பெயர்ப்பலகையின் மீது ஒரு மயக்கம் உண்டு. பலகையை அவ்வூர் எழுத்தில் எழுதிவிட்டால் அவ்வூரார் ஆகிவிடலாம் என்று எண்ணுகிறோம். செகந்தராபாத்தில் நம் தந்தைமார் கடை வைத்தபோது தெலுங்கிலும் உருதுவிலும் பலகை எழுதியது மட்டுமா செய்தார்கள்? அம்மொழிகளைப் பேசக் கற்றார்கள். வாசற்படியைப் பெருக்கி, வந்தவரை அமரச் செய்து, சரக்கைக் காட்டினார்கள். அதனால்தான் கடை நின்றது. இணையத்திலும் முறை அதுவே.

இத்தகைய கெடுக் கடிதம் எவருக்கேனும் வந்திருந்தால், பணம் கட்டும் முன் ஞாயிறு மாலைச் சங்கக் கட்டடத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம். அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.