ஏறுவது எஞ்சின், இறங்குவது பிரேக்!

பெயரிலேயே கரடி இருக்கும் ஊர், கரடியூர்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்து இருக்கிறது. காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, சவுக்கு போல் உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரம். இவற்றைத் தாண்டிப் போனால் மலையின் விளிம்பு வரும். அங்கே நின்று கீழே பார்த்தால் சமவெளி பாய் விரித்ததுபோல் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் போதும். சின்னக் கார்கள் வரிசையாக மலை ஏறுகின்றன. உள்ளே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி. பின்னால் புளிச்சாதப் பாத்திரம், தண்ணீர்க் குடம், பாய்.

இந்தக் கார்களில் சில பளபளக்கின்றன. சக்கரம் புதிது. அலாய் வீல்! வழக்கமான சக்கரத்தைவிட ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் பெரிது. டயரும் அகலம்.

பார்க்க அழகுதான். ஆனால் ஒரு கேள்வி உண்டு.

சக்கரத்தை மாற்றிய குடும்பம், சக்கரத்தை நிறுத்தும் பிரேக்கைப் பார்த்ததா?

20 வளைவு

சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இடையே சாலைத் தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள்!

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இந்த மலைக்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அப்போது மோட்டார் கிடையாது. மலை ஏறுவதற்குத்தான் மூச்சு வாங்கியது. இறங்குவது எளிது.

மோட்டார் வந்தபின் கதை தலைகீழாகிவிட்டது. ஏறுவது எளிது. இறங்குவதில்தான் ஆபத்து!

2024 ஏப்ரல் 30-ந் தேதி ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய பஸ் ஒன்று மலைப்பாதையில் கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் ஏற்பட்டது. பலர் படுகாயம் அடைந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் அந்த மலை எல்லோரிடமும் கேட்பது ஒன்றைத்தான்: கவனம்.

மூன்று குடம் வெந்நீர்

மலை இறங்கும்போது பிரேக் எவ்வளவு வேலை செய்கிறது தெரியுமா?

ஆட்களோடும் மூட்டைகளோடும் சேர்த்து ஒரு சின்னக் கார் 1,200 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1,200 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கத்தின் வேகம் முழுவதையும் பிரேக் மட்டுமே அடக்கினால் பிறக்கும் சூடு, சுமார் 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அதாவது, ஏறக்குறைய மூன்று குடம்!

காற்றும் டயரும் இதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சினிடம் விட்டால் அது பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். விடாவிட்டால், எல்லாச் சூடும் உள்ளங்கை அளவுள்ள பிரேக் பேடின் தலையில்தான் விழும்.

சூடு மிஞ்சினால் பேடின் பிடிப்பு குறையும். கால் மிதிக்கும், கார் கேட்காது!

டிரம்மும் டிஸ்க்கும்

இன்று ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்; பின்சக்கரத்தில் டிரம் பிரேக்.

டிரம் என்பது மூடிய பாத்திரம். உள்ளே இரண்டு ஷூ விரிந்து, பாத்திரத்தின் சுவரை உரசி நிறுத்தும். சூடு உள்ளேயே தங்கும். டிஸ்க் என்பது திறந்த தட்டு. இரண்டு பக்கமும் பேடு கவ்விப் பிடிக்கும். காற்று பட்டுச் சூடு ஆறும்.

இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902-ம் ஆண்டிலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அது பெயர் எடுக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-ல் பிரான்சு நாட்டில் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேர ஓட்டப்பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாக்குவார் கார் முதலில் வந்தது. மற்றவர்களின் டிரம் பிரேக் சூடேறித் தளர்ந்தது. இதன் பிரேக் களைக்கவில்லை. உலகம் விழித்துக்கொண்டது.

பந்தயத்தில் நடந்த அதே சங்கதிதான் ஏற்காட்டு மலையிலும் நடக்கிறது. சூட்டைத் தாங்குகிற பிரேக் வெல்லும்.

ஒன்றை மாற்றினால்...

"அப்படியானால் பெரிய டிஸ்க்காக வாங்கிப் பூட்டிவிடலாமே?" என்று இளைஞர்கள் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் கார் என்பது கூட்டுக் குடும்பம். ஒருவரை மட்டும் மாற்றினால் மற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

பெரிய டிஸ்க், சின்ன ரிம்முக்குள் அடங்காது. ரிம்மைப் பெரிதாக்க வேண்டும். ரிம் பெரிதானால் டயர் மாற வேண்டும். டயரின் மொத்த உயரம் கூடினால், அது சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் உரசும். வேகம் காட்டும் கருவியும் பொய் சொல்லும். சக்கரம் நூற்றுக்கு ஐந்து பங்கு பெரிதானால், முள் 60 காட்டும்போது கார் 63-ல் ஓடும்!

மொத்த உயரம் மாறாமல் ரிம்மை மட்டும் பெரிதாக்கினால் டயரின் ரப்பர்ப் பக்கம் மெலிந்துவிடும். குழியில் விழுந்தால் அடி நேரே ரிம்முக்குப் போகும். சக்கரத்தின் எடை கூடினால் அதைச் சுழற்றவும் கூடுதல் சக்தி வேண்டும். நிறுத்தவும் கூடுதல் சக்தி வேண்டும்.

முன்பிரேக்கை மட்டும் பலமாக்கினால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள கணக்குக் கெடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவியும் தொழிற்சாலை வைத்த கணக்கை நம்பித்தான் வேலை செய்கிறது.

பந்தயத்துக்கு இடம் உண்டு

காரைப் பிரித்து மேய்ந்து பார்க்கும் ஆசை தவறல்ல. அந்த ஆசையால் தமிழ்நாடு பெருமை பெற்றிருக்கிறது.

கோயம்புத்தூர் கரிவரதன் 1988-ல் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். பெயர் பார்முலா மாருதி. வீட்டுக்கு வீடு ஓடிய மாருதி 800 காரின் உறுப்புகளைக் கொண்டே அதைக் கட்டினார்! மலிவு விலையில் பந்தயம் பழக இளைஞர்களுக்கு வழி பிறந்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோவையின் பிள்ளை நரேன் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரிவரதன் குடும்பக் காரைப் பந்தயக் காராக்கி ஊருக்குள் விடவில்லை. பந்தயக் காரைப் பந்தயத் தளத்தில் விட்டார். அங்கே எதிரே பள்ளிப் பிள்ளைகளின் பஸ் வராது. வளைவில் காப்பி மூட்டை லாரி வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தெளிவாகப் பேசுகிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் தொழிற்சாலை தந்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றம் செய்தால், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கப்படலாம்.

இதற்காகப் பயந்து, தேய்ந்த உறுப்பை மாற்றாமல் இருக்கக் கூடாது. தொழிற்சாலை சொன்ன அளவில் நல்ல பேடு, நல்ல டிஸ்க், நல்ல டயர் போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. காரின் கையேட்டிலும், கதவோரம் ஒட்டிய சீட்டிலும் எந்த டயர் பொருந்தும் என்று போட்டிருக்கிறது. அதுவே எல்லை.

பிரேக்கும் சக்கரமும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பதும் இல்லை. சென்னையை அடுத்த பாடியில் 1960-களிலிருந்தே அவை தயாராகின்றன.

உண்மையான உயர்வு

அப்படியானால் மலைக்குப் போகும் குடும்பம் எதை உயர்த்த வேண்டும்?

முதலாவது, பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில்; எஞ்சின் ஆயில் வேறு, இது வேறு. இதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். டாட் 4 என்ற வகைப் புது ஆயில், குறைந்தது 230 டிகிரி சூடு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும். மிதிக்கும் கால் பஞ்சில் அமுங்குவதுபோல் அமுங்கும். பிரேக் பிடிக்காது! இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்ல பழக்கம். நான்கு அலாய் வீல் விலையோடு பார்த்தால் இந்தச் செலவு சிறிது.

இரண்டாவது, பேடும் ஷூவும். மலைக்குப் போகும் முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கீச்சென்று சத்தம் வந்தாலும், மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தாலும், பார்க்காமல் புறப்படக் கூடாது.

மூன்றாவது, டயர். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயர்! ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம், ஓர் உள்ளங்கை அளவுதான். டயரின் வெட்டுப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். மழையும் பனியும் உள்ள மலையில் அதுவரை காத்திருப்பதும் சரியல்ல. காற்றின் அளவையும் பார்க்க வேண்டும். ஐந்தாவது சக்கரத்தை மறந்துவிடக் கூடாது.

காசில்லாத பிரேக்

நான்காவது உயர்வுக்குக் காசே வேண்டாம். அது ஓட்டுகிறவரின் பழக்கம்.

மலை டிரைவர்களிடம் ஒரு பழைய பாடம் உண்டு: ஏறிய கியரிலேயே இறங்கு. இரண்டாவது கியரில் ஏறிய மேட்டை இரண்டாவது கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். தானாகக் கியர் மாறும் காரிலும் தாழ்ந்த கியருக்கு வழி இருக்கிறது.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது தற்கொலைக்குச் சமம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைச் சக்தி போய்விடும். ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

காலைப் பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு வரக் கூடாது. அழுத்திப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

குறுகலான மலைச் சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, விதியும்கூட.

கருகிய வாடை வந்தால், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நிற்க வேண்டும். பிள்ளைகள் மலையைப் பார்க்கட்டும். பிரேக் தானாக ஆறட்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளும், வெடிக்கவும் கூடும். சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கல்லைப் புறப்படும்போது எடுத்து ஓரத்தில் போட வேண்டும். விட்டுவிட்டுப் போனால், இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அந்தக் கல்லே எமன்.

கேட்க வேண்டியது வீடு

இந்தப் பாடம் ஓட்டுகிற அப்பாவுக்கு மட்டும் உரியதல்ல.

சுற்றுலாவுக்கு முன் வீட்டில் எத்தனையோ கேள்விகள் கேட்கிறார்கள். "ஸ்வெட்டர் எடுத்தாயா? பாட்டிக்கு மாத்திரை எடுத்தாயா?" அந்த வரிசையில் இன்னும் ஒரு கேள்வி சேரட்டும். "பிரேக் பார்த்தாயா?"

அம்மா கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையும் கேட்கலாம். கேட்டால் அப்பாவுக்குக் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

பளபளக்கும் சக்கரத்தை ஊரார் பார்த்து மெச்சுவார்கள். சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை, மெச்சுவதும் இல்லை. ஆனால் கரடியூர் விளிம்பில் நின்று சமவெளியைப் பார்த்த பிள்ளைகளை, அந்தச் சமவெளிக்கே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான்.

காசு இருந்தால் முதலில் அதற்குச் செலவிடட்டும். மிச்சம் இருந்தால் அழகுக்கு!