சர்க்கரைக்கு வெட்கமில்லை

காலை நடைக்கு வரும் எங்கள் பூங்காப் பெரியவர்கள் சர்க்கரை அளவை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பரிமாறிக்கொள்வார்கள். "வெறும் வயித்துல 140, சாப்பிட்டப்புறம் 210." கேட்பவர் உடனே வெந்தயம் ஊறவைக்கச் சொல்வார். ஸ்கோர் சொன்ன அதே மனிதர் மாதக்கணக்கில் தூக்கமின்றிப் புரள்வதைப் பற்றி மட்டும் மூச்சுவிட மாட்டார். நெஞ்சு படபடத்தால் கேஸ் என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துச் சமாளிப்பார். (மனைவிக்குத் தெரியும். அவரும் சொல்ல மாட்டார்.) கவலை நீடித்தால் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடும், அது கூடினால் சர்க்கரையும் ஏறும். மாத்திரையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் எப்படி? தமிழகத்தில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம், மறுப்பதற்கில்லை. மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்மணி திண்ணையில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, "ராத்திரி தூக்கம் வருதாங்கய்யா?" என்றும் கேட்கலாமே. டாக்டரிடம் மழுப்புகிறவர்கூட அவரிடம் வாய் திறப்பார். ஊர்க்காரப் பெண், வீட்டு நிலவரம் தெரிந்தவர். மனநல ஆலோசனைக்கென்று 14416 என்ற இலவச எண்ணை மத்திய அரசு 2022 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. மாத்திரைக் கவரில் அதை அச்சடித்துக் கொடுக்க என்ன பெரிய செலவு?