வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளச் சீட்டு எதற்கு?

"எங்களிடம் முதலாளி, தொழிலாளி என்ற பேச்சே கிடையாது, எல்லோரும் ஒரே குடும்பம்." விசைத்தறிக் கூடம், அரிசி ஆலை, லேத்துப் பட்டறை, ஜவுளிக் கடை என்று எங்கே போனாலும் சிறு முதலாளிமார் பாடும் பல்லவி இதுதான். நல்லது. குடும்பம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் குடும்பத்தின் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், தோழர்களே!

முதலாளியின் மகன் படிப்பை முடித்துவிட்டுப் பட்டறைக்கு வருகிறான். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பவர் யார்? இருபது வருஷமாக அங்கே இரும்பைக் கடையும் நம் ஆள்! ஆறே மாதத்தில் மகன் மானேஜர். கற்றுக்கொடுத்தவரோ அதே லேத்தில். அவருக்குச் சம்பள உயர்வு எப்போது? முதலாளிக்கு மனம் வரும்போது! சம்பளச் சீட்டு கேட்டால், "வீட்டுப் பிள்ளைக்குச் சீட்டு எதற்கப்பா?" என்கிறார். சொத்துப் பத்திரம் எழுதும் நாளில் மட்டும் இந்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதில்லை.

தஞ்சைத் தோழர்களுக்கு இந்தப் பாட்டு புதிதல்ல. மிராசுதாரும் "நம்ம பண்ணை ஆள்" என்றுதான் கொஞ்சினார். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அவர்கள் போட்ட கூச்சல் என்ன!

இனி எண்ணிக்கை வித்தைக்கு வருவோம். ஈ.எஸ்.ஐ.க்கும் பணிக்கொடைக்கும் பத்துப் பேர் வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கும் 8.33 சதவீதத்துக்குக் குறையாத போனசுக்கும் இருபது பேர் வேண்டும். ஆகவே முதலாளி என்ன செய்கிறார்? பதிவேட்டில் ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்கிறார். மீதிப் பேர் "தற்காலிகம்". அல்லது ஒரே கூரையின் கீழ் அப்பா பெயரில் ஒரு கம்பெனி, மகன் பெயரில் ஒன்று, மருமகள் பெயரில் ஒன்று! நம்மிடம் பேசும்போது ஒரே குடும்பம். இன்ஸ்பெக்டர் வந்தால் மூன்று குடும்பம்!

இதில் பறிபோவது எவ்வளவு? மாதம் 13,000 ரூபாய் வாங்குபவர் இருபது வருஷம் உழைத்து விலகினால், வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பள வீதம் பணிக்கொடை 1,50,000 ரூபாய். அதற்குப் பதிலாக ஒரு சால்வையும் கையில் ஐயாயிரமும் கொடுத்து, படமும் பிடித்துக்கொள்கிறார்கள்.

"குறைந்தபட்சக் கூலி கொடுத்தால் தொழில் தாங்காது" என்பது அடுத்த வாதம். பழைய வாதம்தான். 1954இல் அஜ்மீர் பஞ்சாலை முதலாளியும், 1961இல் கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலை முதலாளிகளும் சுப்ரீம் கோர்ட்டில் இதையே சொல்லித் தோற்றார்கள். குறைந்த கூலிக்குத் தொழிலாளியே சம்மதித்தாலும் செல்லாது என்றது கோர்ட்டு. 1982இல் இன்னும் ஒரு படி மேலே போனது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு! இதற்குப் பத்துப் பேர், இருபது பேர் என்ற கணக்கும் கிடையாது. ஒரே ஆள் வேலை செய்தாலும் கொடுத்தாக வேண்டும்.

சிறு முதலாளியின் கழுத்திலும் கத்தி இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. நூல் விலையைப் பெரிய மில் ஏற்றுகிறது. நெசவுக் கூலியைப் பெரு வியாபாரி வெட்டுகிறான். சரி, அவர்களோடு மோதட்டும். நாமும் கூட நிற்போம். மேலே இழந்ததைக் கீழே நம் வயிற்றில் பிடிப்பானேன்?

முன்பணம் என்னும் தூண்டிலையும் பாருங்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களில் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பணம் புருஷன், பெண்டாட்டி இருவரையும் தறியோடு கட்டிப்போடுகிறது. வேறு கூடத்துக்குப் போக வேண்டுமானால் பாக்கியை அந்த முதலாளி கட்டி ஆளை எடுக்க வேண்டும். மாட்டுச் சந்தையா இது? கொத்தடிமை முறையை 1976இலேயே சட்டம் ஒழித்துவிட்டது!

ஆகவே இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வந்த நேரம், போன நேரம், வாங்கிய கூலி, பிடித்த பாக்கி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். பக்கத்துத் தறிக்காரரையும் எழுதச் சொல்லுங்கள். மூன்று கம்பெனி பெயரிலும் உள்ள ஆட்களை ஒரே பட்டியலாக எடுத்துச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். தொழிலாளர் அதிகாரி முன்னால் அதை வைத்துத்தான் பேச வேண்டும்.