நார் கலந்த பிளாஸ்டிக்: வண்டிக்குச் சம்மதம், படகுக்கு முதலில் சோதனை

சணல், தேங்காய் நார், பனை நார் ஆகியவற்றைப் பிளாஸ்டிக்கில் சேர்த்து வண்டிகளுக்கும் படகுகளுக்கும் பாகங்கள் செய்யலாமா? பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் கிராமங்களில் இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது.

எங்கள் நிலை
வண்டிகளின் உட்பாகங்களுக்கு இதை முழுமனதோடு ஆதரிக்கிறோம். படகின் உடலுக்கு, உவர்நீரில் நீண்டகாலச் சோதனை முடியும்வரை ஏற்கமாட்டோம்.

காரணங்கள்
பிளாஸ்டிக்கை வலுப்படுத்த வழக்கமாகச் சேர்க்கும் கண்ணாடி இழை தண்ணீரைப்போல் சுமார் 2.5 மடங்கு கனம். சணல் சுமார் 1.5 மடங்குதான். வண்டியின் எடை குறைந்தால் எரிபொருளும் மிச்சமாகும். ஜெர்மன் கார் நிறுவனங்கள் 1990களிலிருந்தே கதவின் உள்பலகைகளில் ஆளி, கற்றாழை நார்களைச் சேர்க்கின்றன. இத்தகைய பாகங்களைப் பயன்படுத்தக்கூடிய அசோக் லேலண்ட் வாகன ஆலை நமக்கு அருகிலேயே எண்ணூரில் இருக்கிறது. அங்குள்ள காமராஜர் துறைமுகத்திலிருந்து கார்கள் கப்பலேறுகின்றன.

ஆனால் தாவர நார் தண்ணீரை உறிஞ்சும். ஊறினால் உப்பி, பிளாஸ்டிக்கோடு உள்ள பிடிப்பை இழக்கும். ஈரம் படாத கதவுக்குள் இது பெரிய குறையல்ல. நீரிலேயே கிடக்கும் படகில் உயிருக்கே ஆபத்து. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் (கண்ணாடி இழை) படகுகள் பல கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்தன. உடைந்த படகை உருக்கி மறுபடி வார்க்க வழியில்லை, எரித்தால் நச்சுப்புகைதான். சோதிக்காத இன்னொரு பொருளை எங்கள் கரையில் இறக்கக் கூடாது.

நார் சேர்ந்தால் பிளாஸ்டிக் மக்கிவிடும் என்று விளம்பரம் செய்வதும் தவறு. பாலிப்ரொப்பிலீனில் சேர்த்தால் மக்காது, மறுபடி உருக்கத்தான் முடியும். பாலியஸ்டர் ரெசினில் சேர்த்தால் அதுவும் முடியாது.

கோரிக்கைகள்
1. பனை மட்டையிலிருந்து நார் எடுக்க மரத்தை வெட்டத் தேவையில்லை. மரம் வெட்டாமல் எடுத்த நாரை மட்டுமே வாங்க வேண்டும்.
2. பனை ஓலைப் பொருட்கள் பின்னும் இவ்வூர்ப் பெண்களுக்கு நார் பிரிக்கும் பயிற்சியும், இடைத்தரகரில்லாத நேரடிக் கொள்முதலும் வேண்டும்.
3. நாரைச் சுத்திகரிக்கும் காஸ்டிக் சோடாக் கழிவுநீரில் ஒரு சொட்டும் ஏரியில் சேரக் கூடாது. இறாலும் மீனும் குஞ்சாக வளரும் நீர் இது.
4. ரப்பர் மரத்திலும் தென்னை மரத்திலும் ஃபைபர் பூசிய படகுகளை உருவாக்கிய கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், நார்ப் படகையும் எங்கள் மீனவர்களோடு சேர்ந்து இந்த நீரிலேயே சோதிக்க வேண்டும்.
5. பழைய ஃபைபர் படகுகளைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டை அரசு தொடங்க வேண்டும்.

இவற்றை எழுத்தில் உறுதி செய்யும் அரசுத் துறைகளோடும் நிறுவனங்களோடும் சேர்ந்து வேலை செய்ய எங்கள் கிராமங்கள் தயார்.