எந்தப் பால்?

கடைக்காரர் மெத்தையைத் தட்டி, ‘லேடெக்ஸ், ஐயா!’ என்றால், ‘எந்த லேடெக்ஸ்?’ என்று கேளுங்கள். 1929-ல் இங்கிலாந்தில் டன்லப் ஆராய்ச்சியாளர்கள் நுரைக்கவைத்தது மரத்துப் பாலை. இன்றோ, பெட்ரோலியத்திலிருந்து வரும் ஸ்டைரீனையும் பியூட்டாடையீனையும் இணைத்துச் செய்த குழம்புக்கும் அதே பெயர். இரண்டையும் கலந்தாலும் அதே பெயர்!

செயற்கை ரப்பர் பாவமென்று நான் சொல்லவில்லை. மரத்துப் பாலும் கந்தகம் சேர்த்து வேகவைத்தால்தான் மெத்தையாகிறது. ஆனால் கலப்பை மறைத்து, உறையில் மரத்தின் படத்தைப் போட்டு, மரத்தின் விலையை வாங்குவது வியாபாரமா? கன்னியாகுமரி மாவட்டத்தில் விடியுமுன் எழுந்து பால்வெட்டும் தொழிலாளியின் உழைப்பைக் காட்டி விற்கிறார்கள். கலந்த அளவுக்கு அவனிடம் வாங்குவது குறைகிறது.

பசும்பாலில் தண்ணீர் கலந்தால் சண்டைக்குப் போகிறோமே, இதற்கு மட்டும் ஏன் மௌனம்? நூற்றுக்கு எத்தனை பங்கு மரம் என்று உறையில் அச்சிடட்டும். எதில் படுப்பதென்று பிறகு நாம் தீர்மானித்துக் கொள்வோம்.